நெற்றியில் நீலம்

எங்கள் ஊரில் என்னை டாக்டர் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. "ஊசிக்காரி" என்பார்கள், அதுவும் என் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கத்தான் இந்த மலையூருக்கு என்னை அனுப்பினார்கள். போன கோடையில் நான் பார்த்த வைத்தியம் முழுக்கத் தெரு நாய்களின் பின்னால் ஓடியதுதான். நாய் படாத பாடு என்று சும்மா சொல்வார்கள். நான் நாய்களோடு சேர்ந்தே அதைப் பட்டேன்.

காரணம், ஊருக்கு மேலே இருக்கும் காடு. தெருக்கள் முடிகிற இடத்தில் பஸ் டிப்போ. அதைத் தாண்டிக் குப்பைமேடு, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து சிகரம் வரை மேல்காடுதான். அந்தக் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் வாழ்கிறது. பக்கத்து மலைகளிலெல்லாம் அழிந்துபோய், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியது இந்த ஒரு கூட்டம்தான். உடம்பு செங்கல் நிறம், வால் மட்டும் கறுப்பாகப் புசுபுசுவென்று இருக்கும். ஊர் நாய் மாதிரி குரைக்கத் தெரியாது. ஒன்றையொன்று கூப்பிட விசில் அடிக்கும். மனிதனைக் கண்டால் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போய்விடும்.

அவை அங்கே குட்டி போட்டு வளர்க்கிற வரைக்கும் மேல்காட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. ரோடு கூடாது, கட்டடம் கூடாது, ஒரு மரத்தை வெட்டக் கூடாது. மலை உச்சியில் சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. கூட்டம் அழிந்தால் உத்தரவு செல்லாது. உத்தரவு செல்லாவிட்டால் அடுத்த வாரமே மண் அள்ளும் இயந்திரம் மேலே ஏறும். சுருக்கமாகச் சொன்னால், அந்த மலையே அந்த நாய்களின் முதுகில்தான் நின்றது.

செந்நாயைக் கொல்லத் துப்பாக்கி தேவையில்லை. ஊர் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற காய்ச்சலே போதும். "சுவத்துக்கு அடிக்கிற டிஸ்டெம்பரா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை; கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகும், தாடை தானாக ஆடும், கடைசியில் வலிப்பு வரும். ஊர் நாய்களில் சில தப்பிவிடும். செந்நாய்களோ வாயோடு வாய் வைத்து இரையைப் பங்கு போடுகிறவை. ஒன்றுக்கு வந்தால் மொத்தக் குடும்பமும் காலி. குட்டிகள்தான் முதலில் போகும்.

அந்தக் காய்ச்சல் அடிவாரத்து ஊர்வரை வந்துவிட்டது என்று தெரிந்த அன்று ரேஞ்சர் என் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்தினார். வனத்துறைக்காரர், ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு விடுப்பு எடுத்துக்கொள்கிற மனிதர். அன்று கொஞ்சம் நீளமாகவே பேசினார்.

"மேல பாறை இடுக்குல குட்டி போட்டிருக்கு, டாக்டர். காட்டு நாய்க்கு நம்மால ஊசி போட முடியாது. ஊர் நாய்க்குப் போட முடியும். நோய் மேல ஏறாம நீங்கதான் பார்த்துக்கணும்."

வேலை ஆரம்பமானது. வலை வீசிப் பிடிக்க இரண்டு பேர், ஐஸ் பெட்டியில் மருந்து, ஒரு வேன். ஊசி போட்ட நாயின் நெற்றியில் நீல மையால் ஓர் அடையாளம். ஆட்டுக்குக் குறி போடுகிற மை. மழையில் போகாது, சோப்புக்கும் அசையாது. பிறகு வேனில் ஊரைச் சுற்றி வந்து, நீல நெற்றி இல்லாத நாயைப் பார்த்தால் பிடித்து ஊசி போட வேண்டியது. இவ்வளவுதான் எங்கள் திட்டம். இதில் எங்கே ஓட்டை விழும் என்று அப்போது யார் கண்டார்கள்?

வீட்டில் வேறு ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பஸ்ஸுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் டிப்போவுக்குப் போய், அங்கே இருக்கிற நாய்களுக்கு ரொட்டி போட்டுவிட்டு, டிரைவர்களிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் வருவார். அந்த நாய்களில் அவருக்கு உயிரான ஒன்று உண்டு. பழுப்பு நிறம், மடிந்த காது, எந்த பஸ் வந்தாலும் சுற்றி வந்து சக்கரங்களை முகர்ந்து பார்க்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். உண்மையான டிப்போ மேனேஜருக்கு இதில் இன்றுவரை வருத்தம்தான்.

வலையோடு நான் கிளம்பிய முதல் நாளே மாமா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிட வாங்க மாமா என்றால், சுவரைப் பார்த்து "பசியில்ல" என்பார். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மதில் மேல் பூனையாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

முதல் சில நாட்கள் உயிர் போனது. குப்பைமேட்டு நாய்களைப் பிடித்தோம். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் சீந்தாத நாய்கள் அவை. கைகளில் கீறல், முழங்காலில் சிராய்ப்பு. தையல்காரர் வீட்டு நாய் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்தது. அதற்கப்புறம் ஆச்சரியமாக வேலை சுலபமாகிவிட்டது. கடைத்தெருவுக்குள் போனால் பாதிக்கு மேல் நீல நெற்றி. குடியிருப்புப் பக்கம் போனால் எங்கும் நீல நெற்றி. சிலவற்றில் மை அவ்வளவு அழகாக, வட்டம் பிசகாமல், ஓரம் சிதறாமல் இருக்கும். வலை பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு, வரவர உங்களுக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது என்று பாராட்டினேன். அவர்களும் கூச்சத்தோடு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார்கள். தாங்கள் எப்போது வைத்தோம் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஃப்ரிட்ஜில் மருந்து நிறைய மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஊர் நாய்களின் எண்ணிக்கையை முதலில் அதிகமாக மதிப்பிட்டுவிட்டோம் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். மேலதிகாரி போனில் கூப்பிட்டு, உங்கள் ஊரை மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். மாமா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. ஒரு திங்கட்கிழமை, கடைத்தெருவில் பேக்கரி நடத்தும் அக்கா தன் நாயைக் கோதுமைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையில் கறுப்புத் திட்டுகள் போட்ட, ஊரே கொஞ்சுகிற நாய். கண்ணோரத்தில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி. மேஜையில் படுக்க வைத்ததும் அதன் தாடை, எதையோ மெல்லுவது போலத் தானாக ஆட ஆரம்பித்தது. நெற்றியில் பளிச்சென்று நீலம்.

ஊசி போட்ட நாய்க்கு இது வரக் கூடாது. அப்படியானால் மருந்து கெட்டிருக்க வேண்டும். மருந்து கெட்டிருந்தால் ஊரில் ஒரு நாய்க்குக்கூடப் பாதுகாப்பு இல்லை. மேலே பாறை இடுக்கில் இருக்கிற குட்டிகளுக்கும் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, எப்பெப்போ கரண்ட்டைப் பிடுங்கினீங்க என்று வெளுத்து வாங்கினேன். பாவம் மனிதர், ஆஸ்பத்திரி லைனில் ஒரு நிமிடம்கூடத் தடை இல்லை என்று விசாரித்துச் சொன்னார். மருந்தில் பழுதில்லை என்றால் பழுது எங்கே?

மறுநாள் காலையில் அது தானாகவே என் முன்னால் வந்து உட்கார்ந்தது. மாமா சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் முட்டையை அவர் தட்டில் வைக்கக் குனிந்தேன். அவருடைய கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு கோடு நீலம்.

"மாமா, நகத்துல என்ன?"

பல நாட்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிச்சேன்."

எங்கள் வீட்டில் சைக்கிள் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை நான் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு குட்டு முழுவதும் வெளியே வந்தது. அவரும் அவருடைய சிநேகிதரான போர்டு பெயிண்டரும் சேர்ந்து செய்த வேலை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் அந்தப் பெயிண்டர். எங்கள் மையைப் போலவே ஒரு நீலத்தைக் கலந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர் விழிப்பதற்கு முன்னால் இருவரும் தெருத்தெருவாகப் போய், தங்களுக்குப் பிடித்த நாய்களுக்கெல்லாம் நெற்றியில் மை வைத்திருக்கிறார்கள். மை இருந்தால் வலை வீச மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு கிழவர்கள் சேர்ந்து ஓர் அரசாங்கத் திட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"நீ இந்த ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி ஒரு வண்டி வந்துச்சும்மா. இதே மாதிரி வலை. தடுப்பூசி போட்டுக் கொண்டாந்து விட்டுடறோம்னாங்க. நான்தான் டிப்போ நாயையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிடிச்சுக் குடுத்தேன். ஒண்ணுகூடத் திரும்பி வரல. நம்பித்தானே என்கிட்ட வந்துச்சுங்க."

என் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. உலுக்கவில்லை. செருப்பைப் போடுங்க, என்கூட வாங்க என்றேன்.

ஆஸ்பத்திரியில் பேக்கரி நாய் ஒரு போர்வையில் கிடந்தது. தாடை ஆடிக்கொண்டே இருந்தது. மாமா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இதன் நெற்றியில் வைத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார்.

இந்தக் காய்ச்சல் எப்படிப் பரவும், மேலே யார் காத்திருக்கிறார்கள், யாருக்காக இந்த ஊசி என்று எல்லாவற்றையும் முதல்முறையாக அவருக்கு ஒழுங்காகச் சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வலையைத் தூக்கிய அவசரத்தில் ஊரிடம் வாய் திறந்து பேசாமலே போய்விட்டேன். குப்பைமேட்டு நாய்கள்தான் இன்றைக்கு ஊரிலேயே பத்திரமானவை மாமா, யாருக்கும் வேண்டாததால் யாரும் அவற்றுக்கு மை வைக்கவில்லை. நீங்கள் கொஞ்சிக் காப்பாற்றியவைதான் எல்லாம் ஆபத்தில் நிற்கின்றன என்றேன். அன்று மதியம் அந்த நாய் அவர் மடியில் செத்தது.

மாமா எழுந்து முகம் கழுவினார். மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்ப வலையை வண்டிய விட்டு இறக்காத. நாளைக்குக் காலையில டிப்போவுக்கு மருந்தைக் கொண்டா. நாய் வரும்."

அன்று மாலை மாமாவும் பெயிண்டரும் கடைத்தெருவில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினார்கள். மருந்து போடாத நாய்க்கு மை வைத்து ஊரை ஏமாற்றியது நாங்கள்தான், பேக்கரி நாய் செத்ததும் எங்களால்தான் என்று சொன்னார்கள். நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையும் கலந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியாகப் பேக்கரிக்குப் போனார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டு முடித்தாள். கல்லாவை மூடினாள், ஷட்டரை இழுத்து இறக்கினாள். சரி, இன்றைக்கு இரண்டு பேருக்கும் பூசை நிச்சயம் என்று நினைத்தேன். அவள் மாமாவைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நாளைக்கு உங்க நாயை டிப்போவுக்குக் கொண்டு வரணும், வராவிட்டால் நானே வந்து தூக்கிப் போவேன் என்றாள். அப்படியே அந்தத் தெரு முழுக்கத் தட்டினாள்.

மறுநாள் காலை டிப்போவைப் பார்த்து அசந்துபோனேன். கயிற்றில் கட்டிய நாய், சங்கிலியில் இழுத்த நாய், காய்கறிப் பையில் தலை மட்டும் தெரிகிற குட்டி, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்த ஒன்று. முடிதிருத்துகிறவர் கடைத் துண்டால் தன் நாயைப் போர்த்தித் தூக்கி வந்தார். தையல்காரர் என்னைக் கடித்த அதே நாயோடு வந்து, அது உங்ககிட்ட மன்னிப்பு கேட்கணுமாம் என்றார். அதன் பல்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மாமா கூட்டத்தை ஒழுங்கு பண்ணினார். முன்னாடி நகருங்க, வாசல்ல நிக்காதீங்க, குட்டி வச்சிருக்கிறவங்களுக்கு வழி விடுங்க என்று அவர் குரல் கொடுத்ததும் ஊரே பழக்க தோஷத்தில் வரிசையாகிவிட்டது. பெயிண்டர் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்து, இது என் கை, இது டாக்டரம்மா கை என்று பிரித்தார். அந்த அழகான வட்டங்கள் எல்லாம் அவருடையவை. கோணலாக மை வைக்கச் சொன்னால் எனக்குக் கை வராதும்மா என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஊசி போட்ட நாய்களுக்கு இந்த முறை மூக்குக்கு மேலே சிவப்பு. யார் நாய்க்கும் வலை படவில்லை. நாய்களும், அவரவர் மடியில் இருந்த தைரியத்தில், ஊசியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் ஏறும்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பசி வந்தது. அப்போதுதான் மாமா கூட்டத்துக்குள் யாரையோ தேடுவதைக் கவனித்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

மேனேஜரைக் காணவில்லை. அது தினமும் முதல் பஸ்ஸை அனுப்பிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை ஓடும். அங்கே ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு ஆடி அசைந்து திரும்பி வரும். இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. பேக்கரி அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு, என் நாயும் அதுவும் அடுப்புச் சுவர் ஓரமாக ஒண்ணாத்தான் படுத்துக் கிடக்கும் என்றாள். அதாவது நோய் இந்நேரம் மேனேஜரின் உடம்பில் இருக்கலாம். செந்நாய்க் குட்டிகள் இருந்த பாறை அந்த ஓடைக்கு நேர் மேலே.

ஊசி போடுவதைப் பார்க்க வந்திருந்த ரேஞ்சரின் ஜீப்பில் மாமாவும் நானும் ஏறினோம். அந்த மனிதர் அன்று ஓட்டிய வேகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கை வியர்க்கும். தொட்டிக்குக் கீழே ஜீப்பை நிறுத்திவிட்டு மரங்களுக்கு நடுவே நடந்தோம். நடக்க நடக்க விசில் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று. ரேஞ்சர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார்.

ஓடையின் இந்தக் கரையில் மேனேஜர் நின்றிருந்தது. அந்தக் கரையில் செந்நாய்கள். நான் அவற்றை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. அந்த நேரத்திலும் அவற்றின் அழகு என்னைத் தாக்கியது. முன்னால் நின்றது பால் கட்டிய தாய். அவை உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. இந்த ஊர்க்காரன் யார் என்று பார்த்துக்கொண்டு நின்றன. மேனேஜரோ, புது பஸ் வந்த மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. இன்னும் சில அடி போனால் மூக்கோடு மூக்கு.

மாமா சட்டைப் பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்தார். ரேஞ்சர் அவர் கையைப் பிடித்துவிட்டார். இங்கே விசில் அடித்தால் அவை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. கத்தினாலும் துப்பாக்கி வெடித்தாலும் மிரண்டு குட்டிகளை வெயிலில் இழுத்துக்கொண்டு ஓடும். என்ன செய்யலாம் என்று நானும் ரேஞ்சரும் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தபோது, மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அவசரப்படாமல் போனார். கரையிலிருந்து தண்ணீரில் இறங்கினார். பாசிப் பாறையில் வழுக்கி இடுப்பு வரை நனைந்தார், எழுந்தார், மறுபடி நடந்தார். செந்நாய்களின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மேனேஜர் அதற்குள் நடு ஓடை வரை போயிருந்தது. அதைத் தாண்டிப் போய், அதற்கும் செந்நாய்களுக்கும் குறுக்கே நின்றார். குனிந்து அதை இரண்டு கையாலும் வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். நல்ல கனமான நாய் அது. டிப்போ ரொட்டி முழுக்க அதன் உடம்பில்தான் இருந்தது. அதைச் சுமந்துகொண்டு, வழுக்கும் கல்லில் கால் மாற்றி மாற்றி வைத்து, அந்த மனிதர் திரும்பி வந்தார். தாய் நாய் அவர் முதுகையே பார்த்தது. பிறகு ஒரு விசில். திரும்பிப் பார்த்தபோது அந்தக் கரையில் யாரும் இல்லை.

மேனேஜரின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. ஓரத்தில் லேசான ஈரம்.

அடுத்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. மேனேஜருக்கு நோய் வந்தேவிட்டது. ஆஸ்பத்திரிக் கூண்டில் போட்டு வைத்தியம் பார்த்தேன். மாமா கூண்டுக்குப் பக்கத்திலேயே பெஞ்சைப் போட்டுக்கொண்டு, கரண்டியால் கஞ்சி புகட்டி, கண்ணைத் துடைத்துவிட்டார். அது பிழைத்தது, ஒரு பக்கத் தாடை மட்டும் கொஞ்சம் கோணல். ஊரில் வேறு ஒரு நாயும் விழவில்லை. அடிவாரத்து ஊரில் நாய்கள் செத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருக்களில் சிவப்பு மூக்குகள் ஜம்மென்று திரிந்தன. ஆனால் நாங்கள் போவதற்கு முன்னால் மேனேஜர் அந்தக் கரைக்குப் போய் வந்திருந்ததா? அதே தண்ணீரை அவை நக்கியிருந்தனவா? அதற்குப் பதில் காட்டிடம்தான் இருந்தது; காடு வாயைத் திறக்கவில்லை.

மழை ஆரம்பித்தது. ரேஞ்சர் வைத்திருந்த கேமராக்களில் மானும் பன்றியும் விழுந்தன, செந்நாய் விழவில்லை. பாறை இடுக்கு காலியாகக் கிடந்தது. இடம் மாற்றியிருக்கும் என்றார் ரேஞ்சர்; அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு எப்படியோ விஷயம் எட்டி, கூட்டம் நோயில் அழிந்துவிட்டது, உத்தரவை எடுங்கள் என்று மேலே எழுதிப்போட்டார்கள். நேரில் பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அதிகாரி வந்த காலையில் மழை விட்டிருந்தது. அவரோடு கம்பெனியின் ஆள் ஒருவர், சேறு படாத ஷூவும் சுருட்டிய வரைபடமுமாக வந்திருந்தார். தொட்டிக்கு மேலே, புல்வெளி தெரிகிற மேட்டில் நின்றோம். ரேஞ்சர், நான், மாமா, பெயிண்டர், பேக்கரி அக்கா. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. வராதே என்று சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கம்பெனி ஆள் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி பொறுமையாகத்தான் இருந்தார். ஆனால் அவருக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டுமே. கிளம்பலாமா என்று அவர் கேட்கப் போகிற முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மரங்களுக்குள்ளிருந்து ஒரு விசில் வந்தது. யாரும் அசையவில்லை. கீழேயிருந்து இன்னொன்று பதில் சொன்னது. புல்வெளியின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு தலை நீண்டது. அதே தாய். அது வெளியே வந்து நின்று நாலாபக்கமும் பார்த்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாகப் பெரியவை வந்தன. கடைசியாக, ஒரு மான்காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு, உருண்டு புரண்டு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, குட்டிகள் வந்தன. கொழுகொழுவென்று இருந்தன. வாலில் இப்போதுதான் கறுப்பு ஏறியிருந்தது. ஒன்று வேகமாக ஓடி, தன் காலே தடுக்கிக் குப்புற விழுந்து, எதுவும் நடக்காத மாதிரி எழுந்தது.

ரேஞ்சர் விரல் விட்டு எண்ணினார். விரல் தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அந்த இரும்பு மனிதரின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"பெரிசுல ஒண்ணுகூடக் குறையல, டாக்டர். இவ்வளவு குட்டியை நான் பார்த்ததே இல்ல."

அதிகாரி தொலைநோக்கியை இறக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே, உத்தரவு அப்படியே தொடரும், மேல்காடு மூடித்தான் இருக்கும் என்றார். கம்பெனி ஆள், மலையின் வேறு ஏதாவது ஓரத்தில் சின்னதாக ஓர் இடம் கிடைக்குமா என்று மெதுவாக ஆரம்பித்தார். மாமா அவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, இங்கே இடமில்லை சார் என்றார்.

பேக்கரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கன்னமும் நனைந்திருந்தது. துடைக்கவில்லை, அது ஜெயித்த கண்ணீர். மாமா என் அருகில் வந்து நின்றார். குட்டிகள் புல்லைத் தாண்டிக் காட்டுக்குள் மறைகிற வரை பார்த்தார்.

"அன்னைக்கு என்னை நம்பி வந்ததுங்களை நான் காப்பாத்தல," என்றார். "இதுங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. ஆனா இருக்குங்கம்மா. எல்லாம் இருக்குங்க."

பேசி முடிக்கும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.